கண்ணுக்கு டெஸ்ட், கையில் ஊசி, உடம்பெல்லாம் மஞ்சள்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, 18 வருடமாகச் சர்க்கரை. போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ எடுக்கிறோம் என்று கையில் சாய ஊசி போட்டார்கள். ஒரு நிமிடத்துக்குள் வாந்தி. வீட்டுக்கு வந்தால் முகம் மஞ்சள், சிறுநீர் ஆரஞ்சு நிறம். காமாலையோ என்று பயந்துவிட்டோம். சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் வேறு 1.6. மறுபடி எடுக்க வேண்டுமாம், சிறுநீரகம் தாங்குமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: காமாலை பயத்தை முதலில் விடுங்கள். அது ஃப்ளோரசின் என்ற சாயம், வழக்கமாக 500 மில்லிகிராம். கை நரம்பில் ஏற்றினால் பத்துப் பதினைந்து வினாடியில் விழித்திரைக்குப் போய்விடும், நீல வெளிச்சம் பட்டதும் பச்சையாக ஒளிரும், எந்த ரத்தக்குழாய் கசிகிறது என்று கேமராவில் தெரிந்துவிடும். கண்ணில் வேலை முடிந்தாலும் சாயம் உடம்பு முழுக்கச் சுற்றத்தானே செய்யும்? தோல் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும், சிறுநீர் ஒரு நாள், ஒன்றரை நாள் அப்படிப் போகும். இதை ஊசிக்கு முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீடே பதறியிருக்காது.

சிறுநீரகப் பயம் 'ஆஞ்சியோ' என்ற பெயரால் வருவது. இதயத்துக்கு எடுக்கும் ஆஞ்சியோவில் ஏற்றுவது அயோடின் கலந்த மருந்து, அதற்குத்தான் கிரியாட்டினினைப் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். ஃப்ளோரசினில் அயோடின் கிடையாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இதை எடுக்கிறார்கள். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் மஞ்சள் கூடுதல் நேரம் நிற்கும். ஆனாலும் 1.6 என்பதைச் சொல்லிவிடுங்கள், அளவைக் குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார்.

வாந்தி சகஜம்தான், ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஒரு தடவை வந்தவருக்கு அடுத்த தடவையும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் முன்கூட்டியே சொன்னால் மாத்திரை தருவார்கள். நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு: தோல் தடித்து அரிப்பது, மூச்சு இரைப்பது, தலைசுற்றி மயங்குவது. 1986-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய கணக்கெடுப்பில் கடுமையான விளைவு சுமார் 1,900 பேரில் ஒருவருக்கு, மரணம் சுமார் 2,22,000 பேரில் ஒருவருக்கு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் நிமிடக் கணக்கில் வரும். அதனால் ஊசி போட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் அரை மணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள். ஆஸ்துமா, பழைய அலர்ஜி, பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை, எதையும் மறைக்காதீர்கள். அப்புறம், மருந்து ஏறும்போது கை எரிந்தால் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். நரம்புக்கு வெளியே கசிந்தால் கடுமையாக வலிக்கும், தோலும் புண்ணாகலாம். ரத்தம், சிறுநீர் டெஸ்ட் ஏதாவது இருந்தால் மூன்று நான்கு நாள் தள்ளி வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், சாயம் சில முடிவுகளைக் குழப்பும்.

கேள்வி: எனக்கு இறால் சேராது. இந்த ஊசி போடலாமா? - வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மஞ்சள் சாயம் என்றால் இறாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இறால் அலர்ஜி அதிலுள்ள புரதத்தால் வருவது, பலர் நினைப்பதுபோல அயோடினால் அல்ல. ஆனால் விழித்திரைக்கு அடியிலுள்ள படலத்தைப் பார்க்க இண்டோசயனின் என்ற பச்சைச் சாயம் போடுவார்கள், அதில் கொஞ்சம் அயோடின் உண்டு. அயோடின் மருந்து ஏதாவது ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் சொல்லுங்கள். எந்தச் சாயம் என்று கேட்டுவிட்டே கையை நீட்டுங்கள்.