மாடிப்படிக்குக் கீழே நின்றவர்

கேள்வி: இங்கிலாந்தில் லிங்கன்ஷயரில் 14 வருடமாக இருக்கிறோம். ஒரே மகன், 16 வயது, வருகிற மே மாதம் ஜி.சி.எஸ்.ஈ. என்கிற பள்ளிக்கூடப் பொதுச் சோதனை. இரண்டாம் உலகப் போர் பொம்மர்கள், குண்டு போடுகிற விமானங்கள், என்றால் அவனுக்குப் பைத்தியம். சனிக்கிழமை ஆனால் ஈஸ்ட் கேர்க்பி விமான மியூசியம், சாப்பாட்டு மேசையில் நியூரம்பேர்க் தாக்குதல் கதை. ஒருநாள் கோபத்தில் அவன் அறையில் நூலில் தொங்கிய லங்காஸ்டர் பொம்மர் மொடலை இழுத்து விழுத்திவிட்டேன். உடைந்துவிட்டது. பதினொரு நாளாக என்னோடு கதைக்கிறான் இல்லை, மனைவியும் அவன் பக்கம். சின்னனில் இலங்கையில் நாங்களும் குண்டுவீச்சுக்குள் கிடந்தவர்கள்தான், அதற்காக அதையே கட்டிப்பிடித்துக்கொண்டா இருக்கிறோம்? போன கோடையில் அந்தப் பழைய விமானம் வீட்டுக்கு மேலால் போனபோது நான் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுவிட்டேன், பெடியன் பார்த்துச் சிரித்தான், அது போகட்டும். இவனைப் படிப்புப் பக்கம் எப்படித் திருப்புவது?

பதில்:

தம்பி, "அது போகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் போகவிட நான் தயாரில்லை. சோதனை, பைத்தியம், மனைவி யார் பக்கம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, விசயத்தை நடுவில் ஒரே வரியில் சொல்லி மூடிவிட்டீர்கள். நாற்பது கடந்த மனிதர், வெள்ளைக்கார ஊரில் வீடு வாங்கி இருப்பவர், ஒரு விமானச் சத்தத்துக்கு மாடிப்படிக்குக் கீழே போய் நிற்கிறார், பெற்ற மகன் சிரிக்கிறான். ஏன் சிரித்தான்? அவனுக்குத் தெரியாது. ஏன் தெரியாது? நீங்கள் சொல்லவில்லை.

பிள்ளையைக் குற்றம் சொல்லி எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இப்படித்தான் இருக்கும். பிள்ளை எதையோ தேடித் திரிகிறது என்று பெற்றவர்கள் குறைப்படுவார்கள், தேடுகிற சாமான் அவர்களுடைய பெட்டிக்குள்தான் பூட்டிக் கிடக்கும்.

உங்கள் பெடியன் எதைத் தேடுகிறான் என்று ஒருநாளாவது காது கொடுத்தீர்களா? 1944 மார்ச் 30 இரவு 795 பிரிட்டிஷ் விமானங்கள் ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரத்தில் குண்டு போடப் போயின. போகிற வழியில் முகில் மூடியிருக்கும் என்றார்கள், மூடவில்லை, நிலவு பகல் மாதிரி எறித்தது. அதற்குமேல் 265 மைல் வளையாமல் ஒரே நேர்கோட்டில் பறக்கச் சொல்லி வரைபடத்தில் கோடு போட்டிருந்தார்கள், குளிரில் ஒவ்வொரு விமானத்துக்கும் பின்னால் வெள்ளைப் புகைவால் நீண்டது. ஜேர்மன் இரவு விமானங்கள் அடியால் வந்து மேல்நோக்கிச் சுட்டன. 95 விமானங்கள் திரும்பவில்லை, ஒரே இரவில் 500க்கும் மேற்பட்ட பெடியள் செத்தார்கள். பெடியள் என்றுதான் சொல்லவேண்டும், இருபது, இருபத்திரண்டு வயது. லங்காஸ்டர் ஒன்றில் ஏழு பேர், ஆகக் கடைசியில் வாலில் தனியாக ஒருவன், பார்வைக்குத் தடையாக இருக்கிறதென்று கூண்டின் முன்கண்ணாடியையே கழற்றிவிட்டு அந்தக் குளிருக்குள் எட்டு மணித்தியாலம் இருட்டைப் பார்த்தபடி இருப்பான். 30 தரம் போய்வந்தால் ஓய்வு. பிரிட்டிஷ் பொம்மர் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் அந்தப் போரில் முடிந்துபோனார்கள். இனிப் பறக்க ஏலாது என்று ஒருவன் சொன்னால் அவனுடைய கோப்பில் "மன உறுதி இல்லாதவன்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் நெஞ்சில் ஏறாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

ஈஸ்ட் கேர்க்பி என்கிறீர்கள், அது யாருடைய இடம் என்று கேட்டீர்களா? பான்டன் என்று இரண்டு அண்ணன் தம்பி, கோழி வளர்த்த கமக்காரர்கள். அவர்களுடைய அண்ணன் அதே நியூரம்பேர்க் இரவில் ஒரு ஹலிஃபாக்ஸ் பொம்மரில் போய்த் திரும்பவில்லை. பழைய விமானத்தளத்தை வாங்கி, ஒரு லங்காஸ்டரையும் வாங்கி நிறுத்தி, செத்துப்போன சகோதரனுக்காக அந்த மியூசியத்தை நடத்தினார்கள். மியூசியம் என்று பெயர், உண்மையில் அது ஒரு வீட்டுத் துக்கம். உங்கள் மகன் சனிக்கிழமைதோறும் போவது இன்னொரு குடும்பத்தின் செத்தவீட்டுக்கு, ஏனென்றால் அங்கே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்த அறை பூட்டு.

சரி, இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன், அது முழுக்கப் பிழை என்று நான் சொல்லவில்லை. நியூரம்பேர்க்கை ஏன் பேரழிவு என்று எழுதுகிறார்கள் என்று யோசித்தீர்களா? அன்றைக்கு அதிகமாகச் செத்தது மேலே விமானத்தில் இருந்தவர்கள். அதற்கு எட்டு மாதம் முந்தி, 1943 ஜூலை 27 இரவு, அதே படையின் 787 விமானங்கள் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக்குப் போயின, திரும்பாதவை 17தான். ராடாரைக் குழப்ப அலுமினியத் தாள் கீலங்களைக் கொட்டிக்கொண்டு போனார்கள், கணக்கில் அது வெற்றி. கீழே ஹாமர்புறூக் பக்கத்தில் தனித்தனித் தீயெல்லாம் ஒன்றாகிப் புயலாக எழும்பியது, தெருவில் ஓடினவர்களைக் காற்று இழுத்துப் போட்டது, நிலவறைக்குள் இருந்தவர்கள் நெருப்புப் படாமலே நச்சுப்புகையில் செத்தார்கள். அந்த ஒரு கிழமைத் தாக்குதல்களில் 35,000க்கு மேல். இதுவும் அவன் படிக்கிற புத்தகங்களில் இருக்கும், ஆனால் விமானத்துக்கு எண் உண்டு, ஓட்டினவனுக்குப் பெயரும் படமும் உண்டு, நிலவறைக்குள் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. பதினாறு வயதில் எவனும் பெயருள்ளவன் பக்கம்தான் நிற்பான். கீழே இருந்தவர்களுக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் நீங்கள் இருக்கிறீர்களே! பக்கத்து அறையில் ரி.வி. பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல்.

எனக்கும் பங்கர் தெரியும். வளவின் மூலையில் மாமரத்துக்குக் கீழே எங்களுடையது. மேலே பனங்குற்றி, அதற்குமேல் யூரியாப் பைகளில் மண், மாரியில் முழங்கால் மட்டும் தண்ணீர், தண்ணீருக்குள் தவளை. சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வருவார், எத்தனை தரம் ஏசியும் கேட்கவில்லை, அணைக்காமல் வந்தால் கறி அடிப்பிடித்துவிடும் என்பார். இதை என் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கும் வருடக்கணக்கில் ஆனது, அதனால் உங்கள் வாய் ஏன் வரமாட்டேன் என்கிறது என்று தெரியாமல் ஏசவில்லை, தெரிந்துதான் ஏசுகிறேன். பிள்ளைக்குச் சோறு போடுவதும் ஃபீஸ் கட்டுவதும் மட்டும் தகப்பன் வேலை என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. தான் எங்கேயிருந்து தப்பி வந்தேன் என்று சொல்லாத தகப்பன் கடன் வைத்திருக்கிறான், அதை நீங்கள் கட்டாவிட்டால் அவன் கண்டவர்களிடம் விசாரித்துத் திரிவான்.

அவனுக்கு ஒரு கேள்வி கொடுங்கள். லங்காஸ்டரைச் செய்த கொம்பனி எது? அரைச் செக்கனில் "அவ்ரோ" என்பான். அந்தப் பெயரை நீங்கள் அவனுடைய வயதுக்கு முந்தியே கேட்டிருப்பீர்கள், அண்ணாந்து பார்த்து, காதைப் பொத்திக்கொண்டு. அதே பெயருள்ள, பயணிகளை ஏற்றச் செய்த விமானத்திலிருந்து 1990இல் இலங்கை விமானப்படைக்காரர் எங்கள் தலையில் குண்டு தள்ளி விழுத்தினார்கள். இதை எந்த மியூசியத்திலும் அவனுக்குச் சொல்லமாட்டார்கள்.

மாடிப்படிக்குக் கீழே போனதற்கு நீங்கள் வெட்கப்படுவது எனக்குக் கடிதத்திலேயே தெரிகிறது. 1940இல் ஜேர்மன் பொம்மர்கள் வந்த இரவுகளில் இங்கிலாந்துச் சனங்கள் பிள்ளைகளோடு ஒதுங்கினதும் மாடிப்படிக்குக் கீழேதான், உங்களுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை, கால் தானாக அங்கே போயிருக்கிறது. அடுத்த முறை அவனையும் கூட்டிக்கொண்டு போய் இருத்திவிட்டுச் சொல்லுங்கள். எத்தனை வயதில், யார் யார் பக்கத்தில், யார் வரப் பிந்தியது, எல்லாம். மனைவியையும் கூப்பிடுங்கள், அவவுக்கும் முழுக்கச் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை மாதக்கணக்காக ஒட்டிச் செய்த சாமானை உடைத்தீர்கள், அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். பெரியவன் சின்னவனிடம் கேட்பதா என்ற கௌரவமெல்லாம் என்னிடம் எடுபடாது. என் அப்பா ஒருநாளும் எங்களிடம் கேட்டதில்லை, நாங்கள் ஐந்து பேரும் அதை இன்னும் கணக்கு வைத்திருக்கிறோம். "கோபத்தில் செய்துவிட்டேன்" என்று இழுக்கவேண்டாம், "உடைத்தது பிழை" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் பசை வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருங்கள். அவன் ஒட்டட்டும், நீங்கள் பிடித்துக் கொடுங்கள். கை வேலையாக இருக்கும்போதுதான் எங்கள் ஆம்பிளைகளுக்கு வாய் வரும்.

சனிக்கிழமை நீங்களே காரில் கொண்டுபோங்கள். அங்கே அந்த லங்காஸ்டரின் நாலு எஞ்சினையும் ஸ்டார்ட் செய்து தரையில் ஓட்டிக் காட்டும் நாட்கள் உண்டு. முதல் தரமே அந்த நாளில் போகவேண்டாம், சும்மா நிற்கிற நாளில் போய்ச் சுற்றிப் பாருங்கள், சத்தத்தை அவனுக்கு எல்லாம் தெரிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். சோதனைக்கு மே வரை நேரம் இருக்கிறது, வாத்திமாரும் இருக்கிறார்கள்.

மொடலில் வால் கூண்டு மட்டும் காணவில்லை என்று அவன் சொன்னால், வாக்குவம் கிளீனர் பையைக் கொட்டிப் பாருங்கள். அவ்வளவு சின்னச் சாமான் அதற்குள்தான் போயிருக்கும்.