சோழர் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஆய்வாளர்: நொபொரு கராஷிமா

சோழர் வரலாற்றை ஆராய்ந்தவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நொபொரு கராஷிமாதான். 1933-இல் பிறந்த ஜப்பான்காரர், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர், அப்போது ஊட்டியில் இருந்த மத்திய அரசின் கல்வெட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

கோயிலுக்குப் போனால் கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தி 'திருமகள் போல' என்று தொடங்குகிறதா என்று தேடிப்பிடித்து, அட ராஜராஜன் என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம், நானும் அப்படித்தான். கராஷிமாவுக்கு வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் சலிப்பூட்டும் பகுதி: நிலத்தை விற்றது யார், வாங்கியது யார்.

திருச்சிப் பக்கம் அல்லூர், ஈசானமங்கலம் என்று அக்கம்பக்கத்து ஊர்கள் இரண்டு. ஈசானமங்கலம் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர்; அங்கே பிராமணர்கள் தனித்தனி ஆளாக நிலம் விற்கிறார்கள். அல்லூர் வெள்ளான்வகை, அதாவது வேளாண்குடிகளின் ஊர்; அங்கே 'ஊர்' என்ற சபையே சேர்ந்து விற்கிறது. இவ்வளவுதான், ஆனால் சோழ நாட்டில் நிலம் யாருடையது என்று கேட்டால் எல்லா ஊருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. பிற்காலச் சோழர் காலத்தில் வெள்ளான்வகை ஊர்களிலும் தனியார் சொத்து பெருகியதை அப்புறம் காட்டினார்.

சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் சுப்பராயலு, மட்சுயி என்ற ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து தொகுத்து 1978-இல் வெளியிட்டார். சோழ அரசு தன் அதிகாரிகளுக்குக் கொடுத்த மூவேந்தவேளான் என்ற பட்டம் யாருக்கு, எந்தக் காலத்தில், எவ்வளவு கிடைத்தது என்று எண்ணிப் பார்த்து, அதிலிருந்து அரசின் பிடி எப்படி இறுகியது என்று பேசலாம். பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாத வேலை.

1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவர் இவர்தான். 2010-இல் அடுத்த மாநாட்டைக் கோவையில் நடத்த அரசு அவசரப்பட, ஆய்வாளர்கள் தயாராக அவகாசம் போதாது என்று இவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அது உலகத் தமிழ் மாநாடாக இல்லாமல் செம்மொழி மாநாடாக நடந்தது. 2013-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2015-இல் காலமானார்.

ஒன்றை விட்டுவிட்டேன். மனைவியோடு சேர்ந்து நம்மூர்க் 'கறி' (curry) பற்றி ஜப்பானிய மொழியில் புத்தகம் எழுதியிருக்கிறார். கராஷிமா என்ற குடும்பப் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதினால், அதன் முதல் எழுத்துக்கே 'காரம்' என்றுதான் பொருளாம்!