அப்பாவின் தொடை எலும்பில் லிம்போமா: காலை எடுப்பார்களா?

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவுக்குத் தொடை எலும்பில் லிம்போமா, பயாப்சியில் (துளி திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) ‘டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்’ என்ற லிம்போமா வகை என்று வந்திருக்கிறது, காலை எடுத்துவிடுவார்களோ என்று. அந்தப் பயம் வேண்டாம். எலும்பில் தொடங்கினாலும் இது நிணநீர்ப் புற்றுநோய். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். பொதுவாக ஆர்-சாப் என்ற கீமோ, 21 நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் 6 சுற்று. தேவைப்பட்டால் அப்புறம் கதிர்வீச்சு. வேறெங்கும் பரவவில்லை என்றால் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் பெட் ஸ்கேன்.

இப்போது எனக்குக் கவலை எலும்பு முறிவுதான். அரித்துப்போன எலும்பு சும்மா திரும்பினாலே உடையலாம். டாக்டர் சொல்லும்வரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள், வாக்கர் வாங்கிக் கொடுங்கள். எண்ணெய் போட்டு நீவுவது, நாட்டுக்கட்டு போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம், எந்தச் சொந்தக்காரர் சொன்னாலும் சரி.

லேபில் ஸ்லைடோடு பயாப்சி பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். பயாப்சியில் எடுத்த திசுவைப் பதித்து வைத்த சின்ன மெழுகுத் துண்டுதான், ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கீமோவுக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள்.

பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்விடுங்கள்.