குடல் அழற்சி: தயிர் முதல் டி.பி. சோதனை வரை

எனக்குக் குரோன் நோய், அதாவது நாள்பட்ட குடல் அழற்சி. தினமும் தயிரும் பழைய சோறும் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். தயிரில் வரும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வழிப்போக்கர்கள், குடலில் குடியேறுவதில்லை. அவை குரோன் நோயை அடக்கும் என்பதற்கு நம்பத் தகுந்த சான்று இல்லை. உடம்புக்கு ஒத்துக்கொண்டால் ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

நோய்க்குக் காரணம் கிருமியா, என் எதிர்ப்பு சக்தியா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஆளுக்குப் பாதி சரி. ஐ.எல்.-10 என்பது அழற்சியைத் தணிக்கும் புரதம். அது இல்லாமல் பிறந்த எலிகளுக்குப் பெருங்குடல் புண்ணாகிவிடும். அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தால் புண் வருவதில்லை. குறை எலியிடம்தான், ஆனால் அதைக் கிளப்பிவிடப் பாக்டீரியா வேண்டும். வெளியிலிருந்து வந்த கொடிய கிருமியாக இருக்க வேண்டியதில்லை, வழக்கமாகக் குடலில் வாழ்வதே போதும்.

எந்தப் பாக்டீரியா என்பதும் முக்கியம். நியூயார்க்கில் ஆய்வாளர் டான் லிட்மனின் குழு 2009இல் ஒரு புதிரை அவிழ்த்தது. ஒரே வகை எலிகள். ஆனால் ஒரு நிறுவனத்தில் வாங்கியவற்றின் சிறுகுடலில் டி.எச்.17 என்ற தாக்கும் எதிர்ப்புச் செல்கள் ஏராளம், இன்னொரு நிறுவனத்தின் எலிகளில் மிகக் குறைவு. குடல் சுவரை ஒட்டி வாழும் நூல் போன்ற ஒரு பாக்டீரியாதான் வித்தியாசம். மறுபக்கம், ஜப்பானில் கென்யா ஹோண்டா குழு மனித மலத்திலிருந்து பிரித்த குளோஸ்ட்ரிடியா என்ற பாக்டீரியாக்களில் 17 வகைகளை எலிகளுக்குக் கொடுத்தது. சண்டையை அடக்கும் டி-ரெக் செல்கள் பெருகின. குளோஸ்ட்ரிடியம் என்றாலே டெட்டனஸ் கிருமி நினைவுக்கு வரும் என்னைப் போன்றவர்களுக்கு அது சின்ன அதிர்ச்சி.

அக்காவின் சொரியாசிஸுக்கு ஐ.எல்.-17ஐத் தடுக்கும் ஊசி நன்றாகக் கேட்கிறது. என் குரோன் நோய்க்கும் போடலாமா?

கூடாது. ஐ.எல்.-17 என்பது டி.எச்.17 செல்கள் சுரக்கும் புரதம். கேட்கும் என்று நம்பி, அதைத் தடுக்கும் செகுகினுமாப் ஊசியைக் குரோன் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவு: பலன் இல்லை, வெற்று ஊசி போட்டவர்களைவிட நிலைமை மோசம். தோலில் தொல்லை தரும் ஐ.எல்.-17 குடலில் காவல் வேலையும் பார்க்கிறது. சுவரின் செல்கள் இடைவெளி விடாமல் இறுகியிருக்க உதவுகிறது, காளானைக் கட்டுக்குள் வைக்கிறது. அதற்கு ஒரு படி மேலே இருந்து தூண்டும் ஐ.எல்.-23 என்ற புரதத்தைத் தடுத்தால் குரோன் நோய் அடங்குகிறது. கீழ் மதகை மூடினால் ஒரு பலன், மேல் மதகை மூடினால் வேறு பலன். அக்காவுக்கு வயிற்றுப்போக்கோ ரத்தமோ வந்தால் தோல் மருத்துவரிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

குடலுக்கு ஊசி போடும் முன் டி.பி. சோதனை எதற்கு?

டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசியாக இருக்கும். உடம்பில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலி கட்டி வைத்திருப்பதில் அந்தப் புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வேலியைப் பிரித்தால் கிருமி எழுந்துவிடும். நம் நாட்டில் இன்னொரு தொல்லை: சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண்ணைப் பார்த்தால் அது குரோனா, குடல் காசநோயா என்று திசுச் சோதனைகூடச் சில சமயம் தெளிவாகச் சொல்லாது. மார்பு எக்ஸ்ரேயையும் ரத்தச் சோதனையையும் முடித்துவிட்டே ஊசிக்குப் போங்கள்.