கடன் கொடுத்தது யார்? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் வழியாக நான்குவழிச் சாலை வருகிறது. வீடு போகும் என்கிறார்கள். உலக வங்கிக்குப் புகார் எழுதலாமா?

பதில்: அது உலக வங்கியின் பணம்தானா? ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனாக இருந்தால் உலக வங்கிக்கு எழுதும் கடிதம் வீண். உலக வங்கிக் குழுமத்துக்குள்ளும் வாசல் இரண்டு. அரசு வாங்கிய கடன் என்றால், வங்கிமேல் வரும் புகாரை விசாரிக்கும் இன்ஸ்பெக்‌ஷன் பேனல். தனியார் கம்பெனிக்கு ஐ.எஃப்.சி. (குழுமத்தில் தனியாருக்குக் கடன் தரும் பிரிவு) கொடுத்தது என்றால், அதன்மேல் வரும் புகாரை விசாரிக்கும் சி.ஏ.ஓ. அடுத்து, கடன் முடியும் தேதியைப் பாருங்கள்; திருப்பிக் கட்டி முடிக்கும் நாள் அல்ல, வங்கி பணம் தருவதை முடித்துக்கொள்ளும் நாள். ஆசிய வளர்ச்சி வங்கியில் கடன் முடிந்து 2 ஆண்டு ஆகிவிட்டால் புகாரைத் தொடமாட்டார்கள். அங்கே குறைந்தது இரண்டு பேராவது சேர்ந்து எழுத வேண்டும். அதற்கு முன் வங்கியின் திட்ட அலுவலர்களிடம் முறையிட்டிருக்கவும் வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: ஆங்கிலம் தெரியாதே?

பதில்: தமிழில் எழுதுங்கள். ஏற்பார்கள்.

கேள்வி: நஷ்டஈடு எவ்வளவு கிடைக்கும்?

பதில்: புகாரை விசாரிக்கும் இந்த அமைப்புகள் நீதிமன்றம் அல்ல. வங்கி தன் விதியைத் தானே மீறியதா என்று பார்த்துச் சொல்வார்கள்; பணம் கொடு என்று உத்தரவிட முடியாது.

கேள்வி: கடன் கொடுக்கும் வங்கியே தன்மேல் புகார் வாங்க எப்படிச் சம்மதித்தது?

பதில்: சம்மதிக்க வைத்தார்கள். சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985இல் 45 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. நர்மதைக் கரை மக்கள் எதிர்த்து நின்றார்கள். வெளிநாட்டு அமைப்புகள் வாஷிங்டனில் நெருக்கின. 1991இல் வங்கியே முன்னாள் ஐ.நா. அதிகாரி பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையில் ஒரு குழுவை அமர்த்தியது. மறுகுடியேற்றமும் சுற்றுச்சூழல் ஆய்வும் ஒழுங்காக நடக்கவில்லை என்று அடுத்த ஆண்டு அந்தக் குழு எழுதியது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்றது இந்தியா; செப்டம்பரில் பேனல் பிறந்தது. அதன் முதல் வழக்கு நேபாளத்தின் அருண்-3 நீர்மின் திட்டம். 1995இல் வங்கி அதிலிருந்து விலகிக்கொண்டது. ஆனால் நர்மதையில் அணை நிற்கவில்லை. வங்கிப் பணம் இல்லாமலே எழும்பியது. இதைச் சொன்னால் நம் ஆட்களுக்கே கோபம் வருகிறது.

கேள்வி: ஆக, பலன் பூஜ்யம். முந்திராவிலும் தோற்றீர்களே?

பதில்: குஜராத்தின் முந்திரா அனல்மின் நிலையத்துக்கு 2008இல் ஐ.எஃப்.சி. கொடுத்த கடனும் அதே 45 கோடி டாலர்தான். மீனவர்கள் 2011இல் சி.ஏ.ஓ.வுக்குப் போனார்கள். பருவந்தோறும் கரையில் தங்கி மீன்பிடித்துப் பிழைப்பவர்களை ஐ.எஃப்.சி. சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று அறிக்கை வந்தது. ஐ.எஃப்.சி. அதைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. அதன் பிறகே ஐ.எஃப்.சி. மேல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு. 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 7-1 என்ற கணக்கில், இத்தகைய அமைப்புகளுக்கு வழக்கிலிருந்து முழு விலக்கு கிடையாது என்றது.

கேள்வி: அதன் பிறகு என்ன ஆயிற்று? அதையும் சொல்லுங்கள்.

பதில்: சொல்கிறேன், மறைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட செயல்களின் மையம் இந்தியாவில்தான் என்று கீழ் நீதிமன்றம் 2020இல் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டிலும் 2021இல் அதே முடிவு. மீனவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆனால் அதுவரை ஐ.எஃப்.சி.யை அந்த நீதிமன்றக் கூண்டில் ஏற்றவே முடியாது என்பதுதான் சட்டமாக இருந்தது. தோல்வி என்று நீங்கள் சொல்லுங்கள். கதவில் விரிசல் என்று நான் சொல்கிறேன். இதை இத்துடன் விடுவோம், பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பேனல் மூலம் எங்களுக்கு இழப்பீடு...

பதில்: மூன்றாவது கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: அண்ணன் என் பங்கு நிலத்தைத் தன் பெயரில் பட்டா மாற்றிவிட்டார்.

பதில்: தாசில்தார் அலுவலகம்.

கேள்வி: எங்கள் ஊரில் மூன்று ஆண்டு முன்பே வேலை முடிந்துவிட்டது. இப்போது எழுதலாமா?

பதில்: கடன் தேதி, கடன் தேதி என்று தலையில் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். வேலை முடிந்த நாள் வேறு, கடன் கணக்கு முடிந்த நாள் வேறு. வங்கியின் இணையதளத்தில் திட்டத்தின் பக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: எந்த வங்கி என்றே தெரியவில்லை, ஐயா.

பதில்: வேலை நடந்த இடத்தில் ஒரு பலகை இருக்கும். போட்டோ எடுத்து அனுப்புங்கள். பலகை இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, 10 ரூபாய்.