முதல் எபிசோடைத் தாண்டாதீர்கள்: குவோ ஜிங் கதை, கேள்வி பதில்

ஜின் யோங் 1957 முதல் 1959 வரை ஹாங்காங் நாளிதழில் தொடராக எழுதிய கழுகு வீரர்கள் கதையை வைத்து 2017-இல் வந்த 52 எபிசோட் சீரியலை நம் குழுவில் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். இன்று முதல் எபிசோடும் அதைத் தொட்ட கதைத் தொடக்கமும் மட்டும்.

அக்கா, கதாநாயகனையே காணோம். நேராக நாலாவது எபிசோடுக்குப் போகலாமா?

போகாதீர்கள். கதாநாயகன் குவோ ஜிங் இருக்கிறான், அம்மா வயிற்றில். லின்ஆன், அதாவது இன்றைய ஹாங்ஜோ, அதன் பக்கத்தில் நியூஜியா கிராமம். பனி கொட்டுகிறது. குவோ ஷியாவ்தியென், யாங் தியேஷின் என்று இரண்டு நண்பர்கள். இருவர் மனைவிமாரும் மாசமாக இருக்கிறார்கள். அந்த வழியாக வந்த தாவோ துறவி ச்சியூ ச்சூஜியிடம் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கச் சொல்கிறார்கள். அவர் ஒன்றுக்கு ஜிங், மற்றதற்குக் காங் என்கிறார். சேர்த்துச் சொன்னால் ஜிங்காங். சீனாவை ஆண்ட சோங் அரசின் ஓர் ஆட்சிக்காலத்தின் பெயர் அது. அந்தக் காலத்தில்தான், 1127-இல், சோங்கின் வடக்கு எதிரியான ஜின் அரசின் படை தலைநகரைச் சூறையாடி இரண்டு பேரரசர்களை வடக்கே சிறைபிடித்துப் போனது. பிறக்கப்போகும் பிள்ளைகளின் தலையில் நாட்டின் அவமானத்தைப் பெயராக ஏற்றி வைக்கிறார் துறவி.

அப்புறம் அந்தக் குறுவாள்கள். ஒன்றில் குவோ ஜிங், ஒன்றில் யாங் காங் என்று பெயர் செதுக்கித் தருகிறார். நண்பர்கள் அவற்றை மாற்றிக்கொள்கிறார்கள்: இரண்டும் ஆணானால் அண்ணன் தம்பி, இரண்டும் பெண்ணானால் அக்கா தங்கை, ஆணும் பெண்ணுமானால் சம்பந்தம். ஆக, குவோ ஜிங் இடுப்பில் தொங்கப்போவது யாங் காங் பெயர் உள்ள வாள். இதைத் தவறவிட்டால் பின்னால் யார் கையில் எந்த வாள் என்று பத்து இடத்தில் குழம்புவீர்கள்.

ச்சியூ ச்சூஜி உண்மையில் வாழ்ந்தவரா?

ஆமாம். 1148-இல் பிறந்து 1227-இல் மறைந்தவர். வாங் சொங்யாங் நிறுவிய ச்சுவான்ஜென் என்ற தாவோ மரபின் ஏழு முதன்மைச் சீடர்களில் ஒருவர். எழுபது வயதுக்கு மேல் ஷான்தோங்கிலிருந்து கிளம்பி, செங்கிஸ்கானைப் பார்க்க இந்துகுஷ் மலைப்பக்கம் வரை போனார். சாகாமருந்து உண்டா என்று கான் கேட்டதற்கு, உயிரைப் பேணும் வழி உண்டு, சாகாமருந்து இல்லை என்று நேராகச் சொன்னார். உலகையே நடுங்க வைத்தவன் முன்னால் அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! உடன் போன சீடர் லி ஜிச்சாங் அந்தப் பயணத்தை எழுதி வைத்திருக்கிறார். பெய்ஜிங்கின் வெண்மேகக் கோயிலில் ச்சியூ ச்சூஜியின் சமாதி இருக்கிறது. பனியில் வாள் சுழற்றுவதும் இந்த நண்பர்களும் ஜின் யோங் சேர்த்தவை.

யாங் தியேஷினோடு மோதும் துறவி, அவர் ஈட்டியைப் பார்த்ததும் ஏன் சண்டையை நிறுத்துகிறார்?

நல்ல கேள்வி தம்பி. அது யாங் குடும்ப ஈட்டிமுறை. கதைப்படி தியேஷின், தளபதி யாங் ஜாய்ஷிங்கின் வழிவந்தவர். அந்தத் தளபதி வரலாற்று மனிதர். சோங் படைத்தலைவர் யுவே ஃபெய்யின் கீழ் இருந்து 1140-இல் ஜின் படையோடு மோதி இறந்தார். உடலை எரித்தபோது சாம்பலில் இரண்டு ஷெங் அளவு அம்புமுனைகள் கிடைத்தன என்று சோங் வரலாற்று நூல் சொல்கிறது. தானியம் அளக்கிற அளவு அது. அவர் வம்சத்து ஆள் என்று தெரிந்த பிறகு துறவியால் எப்படிச் சண்டை போட முடியும்?

வாயசைவும் குரலும் ஒட்டவில்லையே?

சீனச் சீரியல்களில் டப்பிங் கலைஞர்கள் குரல் கொடுப்பது வழக்கம். இரண்டு எபிசோடில் பழகிவிடும்.

முதல் இரண்டு எபிசோடை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் போதுமா அக்கா?

வேண்டாம். வாள் மாறும் இடத்தை மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் யாங் தியேஷினின் மனைவி பாவ் ஷிருவோதான். யாரென்று தெரியாத ஆளை யாராவது வீட்டில் ஒளித்து வைப்பார்களா?

இதையே நாலு பேர் கேட்டுவிட்டீர்கள், இரண்டு பேர் எதிர்த்துச் சண்டையும் போடுகிறீர்கள். முழுக்கப் பார்க்காதவர்கள் இந்தப் பதிலை விட்டுவிடுங்கள், ஸ்பாய்லர் இருக்கிறது.

ஷிருவோ என்ற பெயரின் பொருளே நலிந்தவர்மேல் இரக்கம் என்பது. சின்ன வயதிலிருந்தே அடிபட்ட குருவி, முயல் எதைக் கண்டாலும் தூக்கிவந்து மருந்து போடுகிறவள். அவள் பனியில் இரத்தத்தைப் பார்க்கிறாள். அம்பு தைத்த ஒருவன் கிடக்கிறான். விறகுக் கொட்டகைக்கு இழுத்துவந்து காப்பாற்றுகிறாள். அவன் ஜின் இளவரசன் வான்யான் ஹொங்லியே என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கணவனிடம் மறைத்தது தப்பு என்கிறீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன், அங்கே அவள் தவறினாள். ஆனால் அந்த வீட்டை அழித்தது அவளுடைய இரக்கம் இல்லை. உயிர் கொடுத்தவளை அடைய ஆசைப்பட்டு, சோங் அதிகாரிகளைப் பணத்தால் வாங்கி, அவள் கணவன் வீட்டுக்கே படையை அனுப்பியவன் அழித்தான். கையெழுத்து அவனுடையது, பழி அவளுக்கா? காயத்துக்குக் கட்டுப்போட்ட கையைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, காசு வாங்கிக்கொண்டு சொந்த நாட்டு மக்களை வெட்டிய அதிகாரிகளைப் பற்றி ஒருவர்கூட இங்கே எழுதவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

ஷிருவோ பற்றி இன்னொரு கேள்வி...

போதும். மேலே உள்ளதுதான் என் பதில்.

காதல் எப்போது ஆரம்பிக்கும்?

குவோ ஜிங் வளர்ந்து, பிச்சைக்காரப் பையன் வேடத்தில் இருக்கும் கதாநாயகி ஹுவாங் ரோங்குக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கும்போது. பொறுமையாக இருங்கள்.

1983 ஹாங்காங் சீரியலா, 2017-ஆ?

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு 2017. ஹுவாங் ரோங்காக பார்பரா யுங்கைப் பார்க்க, பிறகு கட்டாயம் 1983.

நான் ஏற்கெனவே தாண்டிவிட்டேனே அக்கா, இப்போது பத்தாவதில் இருக்கிறேன்.

பரவாயில்லை, இன்று இரவே திரும்பிப் போங்கள். வாளில் பெயர் செதுக்கும் இடத்தில் நிறுத்தி, எந்தத் தகப்பன் எதை வாங்குகிறான், எதைக் கொடுக்கிறான் என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.