குளிப்பாட்டக் கற்றுக்கொள்ள ஜெர்மனிக்குப் போக வேண்டுமா?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். செவிலியம் புத்தகத்தால் அன்று, கையால் கற்கப்படுவது என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதையொட்டியே இந்தக் கடிதம். என் மகள் நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வெளிநாட்டு மருத்துவமனைகளில் நேரடி அனுபவம் என்று 15 நாள் பயணம் ஒன்றைக் கல்லூரியில் அறிவித்திருக்கிறார்கள்; இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். மகளோ, அந்தப் பணத்தில் ஜெர்மன் மொழி படித்து, பட்டம் முடித்தபின் அங்கே போய்ப் பயிற்சி பெற்று வேலை பார்க்கிறேன் என்கிறாள்.

என் அண்ணன் மகள் அங்கேதான் மூன்று ஆண்டுகளாக இருக்கிறாள். இங்கே அரசு மருத்துவமனையில், நரம்பே கிடைக்காத குழந்தைக்கும் முதல் முயற்சியிலேயே வென்ஃப்ளான் என்னும் ஊசிக்குழாயைப் போட்டுவிடுவாள் என்று பெயரெடுத்தவள். அங்கே முதியவர்களைக் குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும்தான் வேலை என்று தொலைபேசியில் அழுகிறாள். இங்கே ஒரு மாதத்தில் பார்க்கும் நோய்களை அங்கே ஒரு வருடத்திலும் பார்க்க முடியாது என்கிறாள். குளிப்பாட்டக் கற்றுக்கொள்ளவா என் மகள் ஜெர்மனிக்குப் போக வேண்டும்? சம்பளத்தைத் தவிர அங்கே கற்றுக்கொள்ள உண்மையில் ஏதேனும் இருக்கிறதா?

அன்புடன்,
ஒரு வாசகர், நாமக்கல்

அன்புள்ள ஐயா,

உங்கள் அண்ணன் மகள் சொல்வது அத்தனையும் உண்மை. முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜெர்மனியில் நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றுவது அடிப்படையில் மருத்துவரின் பொறுப்பு; அவர் ஒப்படைத்தால் செவிலியர் செய்யலாம், ஆனால் பல வார்டுகளில் ஒப்படைப்பதில்லை. நம் ஊரில் ஓர் இரவுப் பணியில் பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர், வலிப்பு வந்த கர்ப்பிணி என்று அடுத்தடுத்துப் பார்த்துக் கை தேர்ந்த ஒருத்திக்கு, அங்கே போன முதல் மாதங்களில் கையைக் கட்டிப் போட்டதுபோல இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நானும் அழுதேன்.

செவிலியர் கல்லூரியில் ஆசிரியராவதற்கு முன், முப்பத்துநான்கு வயதில், ரைன் நதியோர நகரம் ஒன்றின் மருத்துவமனையில் ஓராண்டு, நம் பட்டத்தை அங்குள்ள தகுதிக்கு இணையாக்கும் சமன்பாட்டுப் பயிற்சி பெற்றேன். பக்கவாதப் பிரிவில் எனக்கு முதலில் கொடுக்கப்பட்டவர் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், இடப்பக்கம் விழுந்துவிட்டது. காலையில் அவரைப் படுக்கையிலேயே குளிப்பாட்டும்படி சொன்னார்கள். பதினைந்து நிமிடத்தில் முடித்து, விரிப்பு மாற்றி, தலை வாரி, பயிற்றுநரான மூத்த செவிலியர் முன் நின்றேன். அவர் படுக்கையைப் பார்க்கவில்லை. என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். வாய் கொப்பளிக்கும்போது இருமினாரா? குதிகாலில் நிறம் எப்படி இருந்தது? இடது கையை நீங்கள் தூக்கினீர்களா, அவர் தூக்க முயன்றாரா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அவருடைய உடல் முழுவதையும் தொட்டிருந்தேன்; எதையும் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் பயிற்றுநரே வந்து செய்து காட்டினார். செயலிழந்த இடப்பக்கமாகப் போய் நின்றார். ஏனென்றால் பக்கவாதம் வந்தவர் அந்தப் பக்கத்தையே மறந்துவிடக்கூடும். குரலும் தொடுதலும் அங்கிருந்து வந்தால்தான் அவர் கவனம் அந்தப் பக்கம் திரும்பும். ஈரத்துணியை நோயாளியின் கையிலேயே கொடுத்து, அதன்மேல் தம் கையை வைத்து, முகத்துக்கு வழிகாட்டினார். கன்னத்துக்கு வந்ததும் தம் கையை எடுத்துவிட்டார். தச்சரின் கை சற்று நேரம் அப்படியே நின்று, பிறகு தானாகவே நெற்றிக்குப் போனது. எல்லாம் முடிய நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடத்தில் அவருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கிறது என்பதும், தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்காவிட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கிச் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பதும் தெரிந்தது. இடது குதிகாலில், விரலால் அழுத்தி எடுத்தபின்னும் வெளுக்காத ஒரு சிவப்பு இருந்தது. தோல் கிழியுமுன் படுக்கைப்புண் தெரிவது அந்த நிறத்தில்தான். முந்தைய நாள் அதே குதிகாலைச் சோப்புப் போட்டுத் துடைத்தவள் நான்.

நோயாளியால் முடிந்ததை நோயாளியே செய்ய வேண்டும், முடியாததில் மட்டும் நம் கை சேர வேண்டும் என்பது அங்கே செவிலியத்தின் பாலபாடம். நமக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. படுத்திருப்பவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவதுதான் அன்பு என்று வளர்ந்தவர்கள் நாம். அப்பாவின் கையில் கரண்டியைக் கொடுத்துச் சிந்தச் சிந்தச் சாப்பிட விட்டால், பார்க்க வருகிறவர்கள் மகளைத்தான் ஏசுவார்கள். நம் மருத்துவமனைகளில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் புரட்டிப் படுக்க வைப்பதும் துணைக்கு இருக்கும் மனைவியின், தாயின், மகளின் வேலை; யாரும் இல்லாதவருக்கு ஆயா. அந்தக் கைகளில் அன்பு இருக்கிறது, குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பயிற்சி பெற்ற கண் அந்த உடலை முழுமையாகப் பார்க்கும் ஒரே வேளையும் அவர்களோடு போய்விடுகிறது. நாற்பது, ஐம்பது படுக்கைகளுக்கு ஓரிரு செவிலியர் என்றால் வேறு வழியும் இல்லை.

மாணவிகளுக்கு என்ன ஆகிறது என்பதை என் கண்ணாலேயே பார்த்து வருகிறேன். ஒரு படுக்கையைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள்; ஒருத்தி துடைப்பாள், ஒன்பது பேர் பார்ப்பார்கள், செய்முறையைப் பதியும் லாக் புக்கில் பத்துப் பேருக்கும் கையெழுத்து விழும். படுக்கைப்புண் அபாயத்தைக் கணக்கிட 1987இல் வெளியான பிரேடன் அளவுகோலின் ஆறு தலைப்புகளையும் எந்த மாணவியைக் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்வாள். தன் வார்டில் இன்று யாருடைய குதிகால் சிவந்திருக்கிறது என்று கேட்டால் தலை குனிவாள். அவள் சோம்பேறி இல்லை. அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் தினமும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அங்கே கேட்கிறார்கள், கேட்க வேண்டும் என்பது விதியாகவும் இருக்கிறது. ஒரு நல்ல பயிற்றுநர் எனக்கு வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்றே அன்று நினைத்திருந்தேன். 2020இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் செவிலியத் தொழிற்சட்டம் அதை அதிர்ஷ்டத்தின் பொறுப்பில் விடவில்லை. அவுஸ்பில்டுங் என்னும் மூன்றாண்டுப் பயிற்சியில் வகுப்பறைக்கு 2,100 மணி நேரம், நோயாளியருகே 2,500 மணி நேரம். மருத்துவமனை, முதியோர் இல்லம், வீடு தேடிச் செல்லும் பராமரிப்பு ஆகிய மூன்றிலும் தலா 400 மணி நேரம் அதற்குள் கட்டாயம். செய்முறை நேரத்தில் குறைந்தது 10 சதவீதம், பயிற்றுநர் பக்கத்தில் நின்று திட்டமிட்டுக் கற்பிக்கும் நேரமாக இருக்க வேண்டும். அந்தப் பயிற்றுநரும் 300 மணி நேரம் கற்பித்தல் பயிற்சி பெற்றவராக, ஆண்டுதோறும் 24 மணி நேரம் அதைப் புதுப்பித்துக்கொள்பவராக இருக்க வேண்டும். இறுதிச் செய்முறைத் தேர்வில் மாணவி உண்மையான நோயாளிகளைப் பராமரித்துக் காட்டுவதோடு, முடிவில் தான் செய்தது எங்கே சரி, எங்கே பிசகு என்று தேர்வாளர்களிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். இன்னொன்றும் சட்டத்தில் உண்டு: நோயாளிக்கு என்ன பராமரிப்பு தேவை என்று தீர்மானிப்பது தகுதி பெற்ற செவிலியருக்கே உரியது, மருத்துவர்கூட அதை வேறொருவரிடம் ஒப்படைக்க முடியாது. உங்கள் அண்ணன் மகள் குளிப்பாட்டும்போது அந்தத் தீர்மானத்துக்கான பரிசோதனையைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். அவளிடம் இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதே என் வருத்தம்.

எல்லா இடத்திலும் சட்டப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் ஆள் பற்றாக்குறைதான். அதனால்தான் நம் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். பயிற்றுநரையே வார்டு வேலைக்கு இழுத்துக்கொண்டு, கற்பித்ததாகக் கையெழுத்து மட்டும் போடும் வாரங்கள் உண்டு என்று அங்கே பயிலும் என் பழைய மாணவிகள் எழுதுகிறார்கள்.

நான் பயின்ற ஊரிலிருந்து சிறிது தொலைவில்தான், இன்று டுசல்டோர்ஃப் நகரின் ஒரு பகுதியாகிவிட்ட கைசர்ஸ்வெர்த் இருக்கிறது. ஃப்ளீட்னர் என்ற பாதிரியார் 1836இல் அங்கே செவிலியம் செய்யும் பெண்களுக்கான இல்லத்தைத் தொடங்கினார். 1851இல், தம் 31ஆம் வயதில், வீட்டாரின் விருப்பத்தை மீறி இங்கிலாந்திலிருந்து வந்து சுமார் மூன்று மாதம் அங்கே வேலை செய்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். அவர் அங்கேதான் பயிற்சி பெற்றார் என்று நாங்கள் பாடத்தில் நடத்துகிறோம். முதுமையில் அவரே அதை மறுத்து எழுதியிருக்கிறார்: அங்கே செவிலியம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, சுகாதாரம் படுமோசம் என்று. ஆனால் அங்கே கண்டதைவிட உயர்ந்த அன்பையும் தூய அர்ப்பணிப்பையும் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்றும் அதே குறிப்பில் சேர்த்திருக்கிறார். நான் மாணவிகளுக்கு இந்தக் குறிப்பைத் தவறாமல் சொல்வேன். வேற்று நாட்டில் நல்ல கருவியையோ நல்ல கட்டடத்தையோ தேடிப் போகிறவர்கள் ஏமாறலாம். நோயாளிக்குப் பக்கத்தில் மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதை அவர்களோடு சேர்ந்து நின்று பார்த்தவருக்கு, அந்த மூன்று மாதம் வீணாகவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து லண்டனில் அவர் பெயரில் செவிலியர் பள்ளி திறக்கப்பட்டது.

மூன்று மாதம் என்றேன். அந்த மூன்று மாதமும் அவர் வேலை செய்தார். 15 நாள் பயணத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். விருந்தாளியாக வரும் மாணவியை நோயாளியைத் தொட எந்த மருத்துவமனையும் எளிதில் விடாது. பொறுப்புக் காப்பீடு, நோயாளியின் தனியுரிமை என்று தடைகள் பல, அவை நியாயமானவையும்கூட. மொழியும் தெரியாது. சுற்றிக் காட்டுவார்கள், பெரிய திரையில் விளக்கம் போடுவார்கள், சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழ் ஜெர்மனியில் தகுதி அங்கீகாரத்துக்கு ஒரு மணி நேரமாகவும் கணக்கில் வராது. இரண்டரை லட்சத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

மகள் மொழி படிக்கிறேன் என்பதை ஆதரியுங்கள். பி2 என்னும் மேல் இடைநிலை மொழித் தேர்வை விசாவுக்கான தடையாகப் பார்ப்பவர்கள் அதைத் தாண்டிய மறுநாளே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். என் பயிற்சியின் இரண்டாம் மாதத்தில் ஒரு மூதாட்டியை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் என்னைப் பார்த்து 'ப்ளூமராண்ட்' என்றார். அந்தச் சொல்லை நான் படித்ததில்லை. அங்கே பூவுக்கு ப்ளூமே என்று பெயர், பூவைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று எண்ணிப் புன்னகையோடு தலையசைத்தேன். தலை கிறுகிறுக்கிறது, மயக்கம் வருகிறது என்பதைப் பழைய தலைமுறையினர் அப்படிச் சொல்வார்கள். அடுத்த நொடி அவர் சரிந்தார். பக்கத்திலிருந்த பயிற்றுநர் பிடித்திராவிட்டால் இடுப்பு முறிந்திருக்கும். நம் பாட்டிமார் 'படபடன்னு வருது', 'நெஞ்சைக் கரிக்குது' என்பதை ஒரு ஜெர்மானியப் பெண் எந்த அகராதியில் தேடுவாள்? அந்த மூதாட்டியின் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. மொழியின் பெரும்பகுதியை வார்டில்தான் கற்க முடியும் என்பது சரி, ஆனால் கற்றது போதாது என்ற அச்சத்தோடு உள்ளே நுழைய வேண்டும்.

உங்கள் மகள் பட்டதாரியாகப் போவதால் அவுஸ்பில்டுங்கை முதலிலிருந்து செய்யத் தேவையில்லை. அவளுடைய சான்றுகளை ஒப்பிட்டு, எந்தப் பிரிவில் எவ்வளவு குறைகிறது என்று அங்குள்ள அதிகாரிகள் எழுத்தில் தருவார்கள். பிறகு இரண்டு வழிகள்: ஒன்று, அந்தக் குறையை நிரப்பும் சமன்பாட்டுப் பயிற்சி, மற்றொன்று, நேரடியாக அறிவுத் தேர்வு. சீக்கிரம் முடியும் என்று தேர்வையே முகவர்கள் பரிந்துரைப்பதைக் கேட்டிருக்கிறேன். கற்பதற்காகப் போகிறாள் என்றால் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், சில மாதம் கூடுதலாகப் போனாலும் பாதகமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பயிற்றுநர் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் உடனிருப்பார் என்று மருத்துவமனைக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கட்டும். தெளிவான பதில் வராத இடத்துக்குப் போக வேண்டாம். வேலை வாங்கித் தருவதற்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களையும் விலக்குங்கள். முகவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரித்துவிடுவது நல்லது.

பட்டம் முடித்ததும் விமானம் ஏற வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. ஓராண்டாவது இங்கே ஒரு பெரிய மருத்துவமனையின் பொது வார்டில் வேலை பார்க்கட்டும். உங்கள் அண்ணன் மகளுக்கு இருக்கும் அந்தக் கைத்திறனும், நெருக்கடியில் நடுங்காத நெஞ்சும் இங்கேதான் கிடைக்கும்; அவை இல்லாமல் போனால் அங்கே கற்பது பாதிதான் ஒட்டும்.

அடுத்த முறை அந்தப் பெண் தொலைபேசியில் பேசும்போது, இந்த வாரம் யாரைக் குளிப்பாட்டினாய், அப்போது மற்றவர் யாரும் கவனிக்காத எதை நீ முதலில் பார்த்தாய் என்று கேளுங்கள். அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் செய்யுங்கள். முடிந்தால் உங்கள் அண்ணன் மகள் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.